உமி அடைத்த கதவுகள்

எங்கள் வானைப் பற்றி நல்லதாக ஒன்று சொல்ல வேண்டுமென்றால், அது ஓடும். அதற்கு மேல் என்னிடம் எதிர்பார்க்காதீர்கள். முன் ஆசனத்துக்கு அடியிலேயே எஞ்சினை வைத்துக் கட்டிய பழைய யப்பான் டீசல் வான் அது. அப்படி ஒரு வானை யோசித்துச் செய்தவன் யாரோ, அவன் ஒருநாளும் தன் மனைவியைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு முரசுமோட்டையிலிருந்து வவுனியாவுக்குப் போயிருக்க மாட்டான். போயிருந்தால் எஞ்சினைக் கொண்டுபோய் வேறு எங்காவது வைத்திருப்பான். ஓட்டுகிறவனுக்குக் கீழே சுடும், பக்கத்தில் இருப்பவருக்குக் காது அடைக்கும். நெல்மூட்டை ஏற்றிப் போகும்போது கரைச்சல் இல்லை. நெல்மூட்டையோடு யாரும் கதைப்பதில்லை.

என் மனைவியோடு நான் கதைக்க வேண்டியிருந்தது. யுத்தத்தின் கடைசிச் சண்டையில் அவளுடைய இடது காது முற்றாகப் போய்விட்டது. மிஞ்சிய வலது காதும் பிறகு மெல்ல மெல்ல மங்கத் தொடங்கியது. பிறகு அகதி முகாமில் இருந்த காலத்தில் காட்டிய வவுனியா ஆசுப்பத்திரியிலேயே இன்றுவரை கிளினிக் காட்டுகிறாள். கிட்ட இருக்கிற ஆசுப்பத்திரிக்கு மாற்றிக்கொள்ளலாமே என்று எத்தனையோ பேர் சொல்லிப் பார்த்தார்கள். "அவைக்குத்தான் என்ர காதைத் தெரியும்" என்பாள். காதுக்குள் வைக்கிற மெசினும் அங்கேதான் கிடைத்தது. வானில் அவள் இடப்பக்கம், நான் வலப்பக்கம். ஆகவே அவளிடம் மிச்சமிருந்த காது என் பக்கமாகத்தான் இருந்தது. வானைப் பற்றி இரண்டாவது நல்ல விஷயம் என்று இதைச் சேர்த்துக்கொள்ளலாம்.

வீட்டில் கதைத்தால் என்ன என்று கேட்பீர்கள். வீட்டில் எங்களுக்குக் கதைக்க இடமில்லை. நான் ஒரு விஷயத்தை அவளுக்கு விளங்கச் சொல்லி முடிப்பதற்குள் அது வேலிக்கு அங்கால் இருப்பவர்களுக்கும் விளங்கிவிடும். பிரான்சில் இருக்கும் மகளுக்கும் மருமகனுக்கும் சரியில்லை என்று அரசல் புரசலாகத் தெரியவந்த நேரம் அது. ஒரே பிள்ளை. அதைப் பற்றி வேலி கேட்கக் கத்திக் கதைக்க முடியுமா? குசினிக்குள் போய்க் கிட்ட நின்று சொல்லலாமென்றால் யாராவது தண்ணீர் அள்ள வருவார்கள், யாராவது வயல் உழ உழவு மெசின் கேட்டு வருவார்கள். கதவைச் சாத்தினால் நானும் அவளும் மட்டும் என்று இருந்த ஒரே இடம் அந்த வான்தான்.

முன்பெல்லாம் அவள் பரந்தன் சந்தி திரும்ப முதலே கதை தொடங்கிவிடுவாள். யாருடைய பெட்டை யாரைக் கலியாணம் செய்யப்போகிறாள், எந்தக் கடையில் சீனி கூட, சாமத்தியவீட்டுக்கு உடுத்த சேலை ஏன் சரிவரவில்லை என்று வவுனியா வரும்வரை வாய் ஓயாது. நான் "ம்" என்றால் போதும். சில நேரம் அதுகூட வேண்டாம். அப்போது எனக்கு அலுப்பாகக்கூட இருந்திருக்கிறது. மெசின் வந்த பிறகு எல்லாம் தலைகீழாகிவிட்டது. கெட்டிக்கார மெசின்தான், ஆனால் அதற்கு மனிதன் கதைப்பதும் ரயர் உருள்வதும் ஒன்று. நான் வானை ஸ்டார்ட் பண்ணினால் அவள் கை காதுக்குப் போய்விடும்.

"தலைக்குள்ள நெல்லு மில்லு ஓடுறமாதிரிக் கிடக்கப்பா" என்று சொல்லி மெசினை நிற்பாட்டிவிடுவாள். அதோடு வாயும் நின்றுவிடும். பதில் கேட்காமல் எவ்வளவு நேரம்தான் ஒருவர் தனியாகக் கதைப்பது? வவுனியா போகும்வரை யன்னலுக்கு வெளியே யானை வேலியையும் பற்றைக்காட்டையும் பார்த்துக்கொண்டு இருப்பாள். நான் கையை ஆட்டிக் கூப்பிட்டால் திரும்பிச் சிரிப்பாள். அந்தச் சிரிப்பைப் பார்க்க எனக்குப் பத்திக்கொண்டு வரும். அவள் மீது இல்லை, வான் மீது.

வீதி நன்றாகினால் சத்தம் குறையும் என்று நினைத்த மடையன் நான். ஏ-ஒன்பது வீதி குன்றும் குழியுமாகக் கிடந்த காலத்தில் வான் ஊர்ந்துதான் போனது. தூக்கித் தூக்கிப் போட்டாலும் இரண்டு குழிகளுக்கு நடுவில் ஒரு கதை கதைக்கலாம். வீதிக்குக் கார்பட் தார் போட்ட பிறகு எல்லாரும் பறக்கிறார்கள், மெதுவாகப் போனால் பின்னால் வருகிற பஸ்காரன் ஹோர்ன் அடித்தே கொன்றுவிடுவான். வேகம் கூட, ரயர் இரையும். ரயரின் இரைச்சல் தகரத்துக்கு ஏறும், தகரம் முழுவதும் அதிரும். பொங்கல் பானை வாங்கும்போது சுண்டிப் பார்ப்பதுபோல ஒருநாள் வானின் கதவைச் சுண்டிப் பார்த்தேன். நல்ல நாதம். அன்றைக்குத்தான் இந்தத் தகரத்தின் வாயை எப்படியாவது அடைத்தே தீருவது என்று முடிவெடுத்தேன்.

முல்லைத்தீவில் ஒரு முஸ்லிம் நானா குஷன் கடை வைத்திருந்தார். புத்தளத்தில் இடம்பெயர்ந்திருந்த காலத்தில் வாகன ஆசனம் தைக்கப் பழகியவர், ஊர் திரும்பி அதையே தொழிலாக்கிக்கொண்டார். என் வானின் ஆசனங்களை அவர்தான் முதலில் தைத்துத் தந்தார். விஷயத்தைச் சொன்னேன். கதவைத் தட்டிப் பார்த்தார், கூரையைத் தட்டிப் பார்த்தார், நாடியைச் சொறிந்தார்.

"தார் சீற் ஒட்டுவம் அண்ணே. மொட்டைமாடி ஒழுகினா ஒட்டுவாங்களே, ஒரு பக்கம் வெள்ளிக் கடதாசி, மத்தப் பக்கம் தார். கொழும்புல பெரிய காருக்கெல்லாம் போடுறதும் இதுதான். பேர்தான் வேற."

"சத்தம் நிக்குமோ?"

"தகரம் பேசாது" என்றார் நானா.

அவர் சொன்னது பொய் இல்லை. ஒட்டி முடித்த அன்று கூரையைத் தட்டினால் நாதம் செத்துப்போய் மண்ணைத் தட்டியதுபோல இருந்தது. மேலே துணி போட்டு அழகாக மூடியும் தந்தார். பிறகு சோளகம் அடிக்கிற காலம் வந்தது. அந்தக் காற்றையும் வெயிலையும் தெரியாதவர்களுக்குச் சொல்லி விளங்கப்படுத்த முடியாது. கிளினிக் நாள் ஆசுப்பத்திரி வளவில் நிழல் கிடைக்காமல் வானை வெட்டவெளியில் நிற்பாட்டிவிட்டுப் போனோம். திரும்பி வந்து கதவைத் திறக்க, வீதி போடுகிற இடத்தில் வருகிற மணம் குப்பென்று வந்தது. கூரைத் துணி வயிறு வைத்துத் தொங்கியது. அவள் ஏறி இருந்தாள். நான் எஞ்சினைப் போட்டேன். அவள் தோளில், புதுச் சேலையில், கறுப்பாக ஒரு துளி விழுந்தது. நிமிர்ந்து பார்த்தாள், அடுத்தது நெற்றியில் விழுந்தது.

ஓமந்தை வருவதற்குள் அந்த மணத்துக்கு அவளுக்குச் சத்தி வந்துவிட்டது. வீதியோரத்தில் இறக்கி முதுகைத் தடவிக்கொண்டு நின்றேன். தார் சேலையில் இருந்து போகவேயில்லை. மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்ததில் சேலையின் நிறம்தான் போனது.

நானாவுக்குப் போன் எடுத்தேன். "வெயிலுக்கு இளகும் எண்டு ஏன் நானா சொல்லேல்லை?"

"இவ்வளவு வெயில் அடிக்கும் எண்டு ஆர் அண்ணே கண்டது" என்றார் அவர், முல்லைத்தீவில் பிறந்து வளர்ந்த மனுசன்.

எனக்கு அடக்க முடியாமல் கோபம் வந்தது. ஆனால் அவரை ஏசி என்ன காண? அவரும் சங்கடப்பட்டுக்கொண்டு ஒரு நாள் வந்து கூரையில் இருந்ததை எல்லாம் சுரண்டி எடுத்துத் தந்தார். அவள் அந்த நேரம் எல்லாருக்கும் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்து, என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "விடுங்கோப்பா. எனக்கு அந்தச் சத்தம் பழகிட்டுது."

"எனக்குப் பழகேல்லை" என்றேன். கத்தித்தான் சொன்னேன், கேட்க வேண்டும் என்பதற்காக இல்லை.

உமி என்ற யோசனை யாரும் சொல்லித் தந்ததில்லை. அந்தப் பெருமை முழுவதும் எனக்கே. நெல் குத்தப் போகிற மில்லில் மோட்டர் அறை பக்கத்து வீட்டோடு ஒட்டி இருந்தது. அயலவர்கள் சத்தத்துக்குச் சண்டை பிடித்ததால், மில்காரர் இரண்டு பலகைச் சுவர் அடித்து நடுவில் உமியைக் கொட்டி அடைத்துவிட்டார். வெளியே நின்றால் மோட்டர் ஓடுவதே தெரியாது. உமிமூட்டையில் இருந்து என் அரிசிக்குக் காத்திருந்தபோது அந்தச் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வானின் கதவும் இரண்டு பக்கமும் மூடி நடுவில் வெறுமையாக இருப்பதுதானே? இவ்வளவு நாளும் கொழும்புச் சாமான் தேடி அலைந்திருக்கிறேன், சாமான் என் காலடியில் கிடக்கிறது. வயல் செய்கிறவனுக்கு உமியை விட நம்பிக்கையான பொருள் வேறு என்ன? கேட்டால் அள்ளிக்கொண்டு போ என்றுதான் சொல்வார்கள்.

கிளிநொச்சியில் கராஜ் வைத்திருந்த தெரிந்த தம்பி ஒருவன் கதவுகளின் உட்பக்கப் பலகைகளைக் கழற்றித் தந்தான். அவனும் வயல்காரக் குடும்பம்தான். உமிமூட்டைகளைப் பார்த்துவிட்டுச் சிரிக்கவில்லை, நல்ல யோசனை என்றுதான் சொன்னான். "ஐஸ் கட்டிக்கும் உமிதானே அண்ணை போடுறவை. போட்டுப் பாப்பம்." இருவருமாகப் பொலித்தீன் பைகளில் உமியை நிரப்பி, கதவுகளுக்குள்ளும் பின்பக்கத் தகரங்களுக்குள்ளும் வைத்தோம். கண்ணாடி ஏறி இறங்க இடம் விட்டோம். எஞ்சினுக்கு மேலே மூடிக்குள் மட்டும் நெருப்புப் பயத்தில் போடவில்லை. உடம்பெல்லாம் சுணைத்து இரண்டு முறை குளித்தும் அரிப்பு அடங்கவில்லை.

அடுத்த கிளினிக்குக்குப் போன அன்றைக்கு, நான் வானை ஸ்டார்ட் பண்ண அவள் கை வழக்கம்போலக் காதுக்குப் போனது. போன கை அங்கேயே நின்றது. பிறகு மடிக்கு வந்துவிட்டது.

"நிப்பாட்டேல்லையோ?" என்று கேட்டேன்.

"கொஞ்சம் பொறுங்கோ, பாப்பம்" என்றாள்.

கிளிநொச்சி நகரம் கழிந்தது. நான் மூச்சுக்கூடப் பெரிதாக விடவில்லை. முறிகண்டியில் இறங்கிப் பிள்ளையாருக்குக் கற்பூரம் கொளுத்திவிட்டு, ஒரு சுருள் கச்சான் கடலையும் வாங்கிக்கொண்டு ஏறினோம். கச்சானை உடைத்துக்கொண்டு அவளாகவே தொடங்கினாள்.

"பிள்ளை வீடியோவில வந்தால் சிரிச்சுக்கொண்டு நிக்கிறாள். அதுதான் எனக்குப் பயமாக் கிடக்கு."

"ஏன்?" என்று பெரிய குரலில் கேட்டேன். அவளுக்குக் கேட்டது. என் பக்கம் திரும்பாமலே கேட்டது.

"அழுதாளெண்டால் சண்டை எண்டு விட்டிடலாம். இவள் எல்லாத்துக்கும் சிரிக்கிறாள். சிரிச்சுப்போட்டு வேற பக்கம் பாக்கிறாள். கன்னம் ஒட்டிப்போச்சு, நீங்கள் பாக்கேல்லையோ?"

நான் பார்த்திருக்கவில்லை. நான் போனில் மகளோடு இரண்டு வார்த்தை கதைத்துவிட்டுத் தாயிடம் கொடுத்துவிடுகிறவன். அவளுக்குக் காது இல்லாததால் முகத்தைப் பார்க்கிறாள், பார்த்ததால் எனக்குத் தெரியாதது எல்லாம் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. மேலும் சொல்லு, சொல்லு என்று மனம் அடித்துக்கொண்டது. மாங்குளம் தாண்டியதும் முன்னால் ஒரு லொறி போக நானும் வேகத்தைக் கூட்டினேன், இரைச்சலும் கூடியது. அவள் முகம் சுளித்தது. கை காதுக்குப் போய்விட்டது. அத்தோடு கதை முடிந்தது.

பாதி வழியை எடுத்துவிட்டேன், மிச்சப் பாதியை விடுவேனா? அடுத்த கிழமையே திரும்பவும் கதவுகளைக் கழற்றினேன். இந்த முறை பைகூட இல்லை. பைகளுக்கு நடுவில் இருந்த இடைவெளி எல்லாவற்றிலும் உமியைச் சும்மா கொட்டித் தடியால் குத்தி இறுக்கினேன். கதவின் அடியில் தண்ணீர் வடியச் சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கும். அவற்றாலும் சத்தம் வரும் என்று எனக்குப் பட்டது, உமி வந்து அவற்றை அடைத்ததைப் பார்த்துச் சந்தோசப்பட்டேன். சொல்லவும் வெட்கமாக இருக்கிறது. காலம் முழுக்க வயலில் வாய்க்கால் வெட்டித் தண்ணீர் வடியவிட்டவன், கதவில் மட்டும் அணை கட்டினேன்.

மாரி தொடங்கியது. முதலில் எலி வந்தது. சின்ன மில் உமியில் அரைபடாத நெல் எப்போதும் கொஞ்சம் கலந்திருக்கும், அது எலிக்குத் தெரியாமல் போகுமா? பின் கதவுக்குள் குடும்பம் நடத்தி, வயரையும் கடித்து, ஒரு பக்க விளக்கை அணைத்துவிட்டுப் போனது. பிறகு மணம் வந்தது, புளித்த கஞ்சி மணம். கண்ணாடியை இறக்கினால் தூசி பறக்கும், ஏற்றினால் மணம் கொல்லும். அவள் மூக்கை முந்தானையால் பொத்திக்கொண்டு வந்தாள். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. குறை சொல்லியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

அந்த மாரியில் மழை கொஞ்சமாகப் பெய்யவில்லை. விதைத்த கையோடு வெள்ளம் நின்று, வயலில் பாதி விதைநெல் சேற்றுக்குள் அழுகிப்போனது. அந்த எரிச்சலோடுதான் கிளினிக்குக்குப் போனேன். டொக்டர் பரிசோதித்துவிட்டு, அவள் முகத்தைப் பார்த்து வாயை நன்றாக அசைத்து மெதுவாகச் சொன்னார். அந்தக் காதும் இறங்கிக்கொண்டு போகிறது, மெசினால் ஓரளவுக்குத்தான் உதவ முடியும் என்றார். அவள் தலையாட்டினாள். நான்தான் பொறுக்கவில்லை.

"இல்லை டொக்டர், வீட்டில நல்லாத்தான் கேக்குது. வானுக்குள்ளதான் கேக்கிறேல்லை. வான் சத்தம் கூட. அதைத் திருத்திக்கொண்டிருக்கிறன்."

அவர் கிளினிக் கொப்பியை மூடி என் கையில் தந்தார். பிறகு அடுத்த ஆளைக் கூப்பிடச் சொன்னார்.

வெளியே வந்தால் எங்கள் வானைச் சுற்றி நாலைந்து பேர் குனிந்து நின்றார்கள். ரயருக்குக் காற்றுப் போய்விட்டதாக்கும் என்று ஓடிப்போனேன். காற்றுப் போகவில்லை. முன் கதவின் அடியில், தண்ணீர் வடிகிற ஓட்டைகளால், வெளிர் பச்சையாக நாற்று நீட்டிக்கொண்டு நின்றது. ஒரு விரல் நீளம். வயலில் அழுகிய நெல் என் வான் கதவுக்குள் சோக்காக முளைத்திருந்தது.

"ஐயா, இது என்ன இனம்? ஆட்டக்காரியோ?" என்று கேட்டான் ஒருவன்.

"பசளை என்ன போட்டனீங்கள்?" என்று மற்றவன் கேட்டான்.

வேறு நாளாக இருந்தால் நானும் சேர்ந்து சிரித்திருப்பேன். அன்றைக்கு எனக்கு விசர் வந்தது. குனிந்து அந்த நாற்றைப் பிடுங்கி எறிந்தேன், கதவைக் காலால் உதைத்தேன், வானைத் தூசணத்தால் ஏசினேன். ஆசுப்பத்திரி வளவில் ஒரு வயதுபோன மனிதன் வான் கதவோடு சண்டை பிடிப்பதைச் சனம் சிரிப்பை நிற்பாட்டிவிட்டுப் பார்த்தது. அவள் வந்து என் கையைப் பிடித்து, கீழே விழுந்து கிடந்த வான் திறப்பை எடுத்து என் கையில் வைத்து அழுத்தினாள். வீட்டுக்குப் போவோம் என்று அர்த்தம்.

கராஜ் தம்பி கதவுகளைத் திறந்தபோது உள்ளே இருந்தது உமியில்லை, சேறு. அடித் தகரம் துருப்பிடித்து விரலால் குத்த உடைந்தது. எல்லாவற்றையும் வாரிக் கொட்டிக் கழுவி, துருவை வெட்டி எறிந்து, புதுத் தகரம் வைத்து ஒட்டினான். நானாவும் சும்மா இருக்கவில்லை. வெயிலுக்கும் மழைக்கும் ஒன்றும் செய்யாத கறுப்புக் கம்பளம் கொழும்பிலிருந்து எடுப்பிக்கிறேன், பொறுங்கள் என்று போன் பண்ணினார். ஆனால் கிளினிக் நாள் கம்பளத்துக்காகப் பொறுக்குமா? தம்பி பழைய கதவுப் பலகைகளை அப்படியே மேலே பூட்டித் தந்தான். கீழே புது மிதியடி விரித்துக் கழுவித் துடைத்து நிற்பாட்டிவிட்டான். பார்க்க எல்லா வேலையும் முடிந்த வான் மாதிரி இருந்தது. உள்ளே ஒரு துண்டு ரப்பர்கூட இல்லை, வெறும் தகரம்.

நான் அவளுக்கு அதைச் சொல்லவில்லை. திரும்பவும் சரிவரவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அன்று அந்த வான் போட்ட சத்தம்போல அதன் வாழ்நாளில் போட்டதில்லை. ஒட்டின தகரம் ஒரு பக்கம் கிணுகிணுத்தது. பூட்டு உடைந்த கதவுப் பலகை ஒரு பக்கம் அடித்தது. கூரை, அடி, எஞ்சின் எல்லாம் சேர்ந்து தலையில் இடித்தன. நான் இருமியது எனக்கே கேட்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினேன். அவள் கை எப்போது காதுக்குப் போகும் என்று பார்த்துக்கொண்டே ஓட்டினேன். கிளிநொச்சி கழிந்தும் போகவில்லை. பாவம், என் மனம் நோகக்கூடாது என்று பொறுத்துக்கொண்டு வருகிறாள் என்று நினைத்தேன். மெசினை நிற்பாட்டும்படி கையால் காட்டினேன்.

அவள் தலையை ஆட்டி மறுத்தாள். "ஏன் நிப்பாட்டுவான்? இந்தமுறைதான் சரியாச் செய்திருக்கிறியள்" என்றாள். "சத்தமே இல்லை."

பகிடி விடுகிறாள் என்றுதான் முதலில் நினைத்துச் சிரித்தேன். ஆனால் பகிடி விடும்போது அவளுக்கு ஒரு கண் சுருங்கும். இப்போது முகம் அப்படியே மலர்ந்து கிடந்தது. பாலை மர நிழல் ஒன்றைக் கண்டு ஓரமாக்கினேன். எஞ்சினை நிற்பாட்டினேன். அவள் முகம் மாறவில்லை. திரும்பப் போட்டேன். ஆசனம் அதிர்ந்தது, கதவு அதிர்ந்தது, அவள் முகம் மாறவில்லை. மறுபடி நிற்பாட்டிவிட்டு, அவளுக்கு நேராகத் திரும்பி, "பற்றறி முடிஞ்சுதோ? மெசினை ஒருக்கால் தாரும்" என்றேன். என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தவள் உடனே கழற்றித் தந்தாள். அந்த மெசினை உள்ளங்கைக்குள் பொத்தினால் கீச்சென்று கத்தும். வேலை செய்கிறதா என்று பார்க்க நாங்கள் அப்படித்தான் செய்வோம். பொத்தினேன். என் கைக்குள் அது நன்றாகக் கத்தியது.

மெசினில் ஒரு பிழையும் இல்லை. வானிலும் இனி ஒரு பிழை சொல்ல எனக்கு மிச்சமில்லை. இவ்வளவு நாளும் தாரை ஒட்டி, உமியை அடைத்து நான் சண்டை பிடித்தது எதனோடு என்று அந்த மர நிழலில் எனக்கு விளங்கியது. அவள் மெசினை வாங்கிக் காதில் வைத்தாள்.

"கேக்குதோ?" என்றேன்.

"ஓம், நல்லாக் கேக்குது" என்றாள், என் வாயைப் பார்த்து.

வானை எடுத்தேன். வீதியைப் பார்த்து ஓட்ட வேண்டும், ஆகவே என் கன்னம் மட்டும்தான் அவளுக்குத் தெரியும். மாங்குளம் கழிய அவள் கதை தொடங்கினாள். எத்தனையோ காலத்துக்குப் பிறகு பழைய மாதிரி, வாய் ஓயாமல், ஒன்றில் தொட்டு ஒன்றாக. மதவடியில் கண்ட மயிலைப் பற்றி, மச்சாளின் சீட்டுப் பிரச்சினையைப் பற்றி, பிறகு மகளைப் பற்றி. மகள் முந்தின நாள் வீடியோவில் முதன்முறையாக அழுதாளாம். வாயால் ஒன்றும் சொல்லாமல் அழுதாளாம். அவளை உடனே ஊருக்கு வரச்சொல்ல வேண்டும் என்றாள். சனம் நாலு கதை கதைக்கட்டும், வேலிக்கு அங்கால் இருக்கிறவர்கள் நாக்கு வழிக்கட்டும், பிள்ளை வந்து எங்களோடு இருக்கட்டும் என்றாள்.

"வரச்சொல்லட்டோப்பா?" என்று கேட்டாள்.

"வரச்சொல்லும்" என்றேன்.

"நீங்கள் என்ன சொல்லுறியள்?"

"வரச்சொல்லும். நாளைக்கே வரச்சொல்லும்." என் தொண்டையில் இருந்த குரல் முழுவதையும் போட்டுக் கத்தினேன். எதிரே சைக்கிளில் வந்தவன் திரும்பிப் பார்த்தான். புளியங்குளம் கழிந்தது. அவள் என் கன்னத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள். நான் அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன், கண்ணீர் மறைத்ததால் வீதியை விட்டுக் கண்ணை எடுக்கப் பயமாக இருந்தது.

அவள் என் தோளைத் தொட்டாள். "என்னப்பா நீங்கள்" என்றாள். "இவ்வளவு பாடுபட்டுச் சத்தத்தை எல்லாம் நிப்பாட்டிப்போட்டு, இப்ப வாயே திறக்காமல் வாறியள்."